எச்சில் தயாரிக்கும் அண்ணி

அண்ணன் முதன்முதலாக அண்ணியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலைம்மா பாக்குற?" என்பதுதான். அண்ணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிக்கொண்டாள். "எச்சில் தயாரிக்கிறேன்" என்றாள்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அண்ணன், கூரையில் ஏதோ எழுதியிருப்பதைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மட்டும் அசரவில்லை.

"அது எல்லாருக்கும் சும்மாவே ஊறுதே. அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

"அரசாங்கச் சம்பளம், அத்தை."

அம்மாவின் முகம் தெளிந்தது. அரசாங்கமே கேட்டு வாங்குகிறது என்றால் எச்சிலுக்கும் ஏதோ ஒரு மரியாதை இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள் போலிருக்கிறது.

அண்ணி வேலை பார்ப்பது, கடைகளில் விற்கும் பொருள்களில் கேடான ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்க ஆய்வகத்தில். பொம்மை, தோடு, கைக்கடிகார வார், உதட்டுச் சாயம், பால்புட்டி என்று ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடிய எதுவும் முதலில் அந்த ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டு வரலாம். சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. இந்த அளவு ஈயம் வரை பொறுத்துக்கொள்வேன், அதற்கு மேல் போனால் விற்க விடமாட்டேன் என்கிறது. ஆனால் பொம்மைக்குள் எவ்வளவு ஈயம் ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரு குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பினால் எவ்வளவு வெளியே வரும் என்றும் தெரிய வேண்டும். அதற்காக ஒரு குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சப்பச் சொல்ல முடியுமா? அதனால் ஆய்வகத்திலேயே எச்சில் செய்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரில் உப்புகளையும் இன்னும் சில பொடிகளையும் கரைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்து, பொம்மையை அதில் போட்டு, ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியில் வைத்துவிடுவார்கள். பிடிவாதக்காரக் குழந்தையைப் போல அந்தப் பெட்டி அதைச் சப்பிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த எச்சிலை ஒரு மெஷின் குடித்துப் பார்த்து, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும்.

எச்சிலைப் போலவே வியர்வையும் உண்டு. தோடும் கடிகார வாரும் அதில் குளிக்கும். காலையில் அண்ணி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "இன்னிக்கு எச்சிலா, வியர்வையா?" என்று அப்பா கேட்பார். மற்ற வீடுகளில் "குடை எடுத்துக்கிட்டியா" என்று கேட்பதைப் போல எங்கள் வீட்டில் இது.

இந்த வேலையை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வர அண்ணிக்குத் தெரியாது. கடைக்குப் போனால் பொம்மையின் பெயின்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். புதுச் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டுவாள். உறவினர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஒரு முறை போனாள். கேக் வெட்டி முடிப்பதற்குள் பரிசாக வந்த பொம்மைகளில் பாதி அண்ணியின் பைக்குள் இருந்தன. பிறந்தநாள் கொண்டாடிய குழந்தை அழுத அழுகையில் மெழுகுவத்தி தானாகவே அணைந்தது என்று அண்ணன் இன்னமும் சொல்கிறான். அதற்குப் பிறகு எங்களுக்கு வருகிற அழைப்புகளில், "மருமகளுக்கு வேலை இருக்கும், பரவாயில்லை" என்ற வரி தவறாமல் இடம்பெறத் தொடங்கியது.

அப்படிப்பட்ட அண்ணிக்கும் ஒரு பலவீனம் உண்டு. மலிவான, பளபளவென்று மின்னும் தோடுகள் என்றால் உயிர். வாங்கிவிடுவாள். வியர்வையில் போட்டுப் பார்ப்பாள். பெரும்பாலும் தேறாது. தூக்கிப் போடவும் மனம் வராது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காதில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "சிறையில இருக்குறவங்களைப் பாக்கப் போன மாதிரி இருக்கு" என்பான் அண்ணன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். முகம் துடைப்பதும் அதில்தான், மேசை துடைப்பதும் அதில்தான். அன்பாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் அம்மாவுக்கு நாக்கு சிக்கிக்கொள்ளும். துண்டால் துடைக்கச் சொன்னால் எத்தனை பேரை வேண்டுமானாலும் துடைப்பாள். அண்ணனின் கன்னம், என் புத்தக அட்டை, சாப்பாட்டு டப்பாவின் மூடி எல்லாம் அந்தத் துண்டின் ஆட்சிக்கு உட்பட்டவை. கல்யாணம் ஆன புதிதில் ஒரு நாள், வாசலில் நின்ற அண்ணியின் முகத்திலிருந்து கண்ணாடியைச் சட்டென்று உருவி எடுத்தாள். "இந்தக் கண்ணாடிய வச்சுக்கிட்டு எப்படித்தான் பஸ் நம்பர் தெரியுதோ!" என்று சொல்லி, வாயால் ஊதி, துண்டால் தேய்த்து, திரும்ப மாட்டிவிட்டாள். அண்ணி மரக்கட்டை மாதிரி நின்றாள். போகப்போக, வாசலுக்கு வந்ததும் தானாகவே தலையை முன்னால் நீட்டப் பழகிக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். துடைத்து முடித்ததும் அண்ணி பஸ்ஸுக்கு ஓடுவாள்.

அந்த வருடம் அண்ணியின் மேசைக்கு ஒரு மரவளையம் வந்து சேர்ந்தது. பல் முளைக்கும் குழந்தைகள் கடிப்பதற்கென்றே செய்த, சிவப்பு வண்ணம் பூசிய வளையம். எச்சிலில் போட்டதும் அந்தச் சிவப்பு ஈயத்தைக் கக்கியது. கொஞ்சநஞ்சம் இல்லை. வெளிநாட்டிலிருந்து அதே வளையங்களை மூட்டை மூட்டையாக இறக்கிய வியாபாரியின் கிடங்குக்குப் பூட்டுப் போட்டார்கள். அவர் சும்மா இருப்பாரா? மறுசோதனை கேட்டார். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அவருடைய ஆள் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, ஆய்வகத்தில் அண்ணியின் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்து, காலணியைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"என் வெறும் எச்சில் கெட்டுப்போச்சு, அத்தை."

வெறும் எச்சில் என்றால், பொம்மை எதுவும் போடாத எச்சில். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குப்பியில் வெறும் எச்சிலை ஊற்றி, அதையும் கூடவே குலுக்கி, அதையும் மெஷினுக்குக் கொடுப்பார்கள். அதில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அழுக்கு ஆய்வகத்தினுடையது, பொம்மையினுடையது இல்லை என்று ஆகிவிடும். மொத்தச் சோதனையும் செல்லாது. அன்றைய வெறும் எச்சிலில் பாதரசம் இருந்தது.

"பாதரசமா? வளையத்துல ஈயம்னுதானே சொன்ன?" என்றார் அப்பா.

"அதான் மாமா எனக்கும் புரியல. அந்தக் கோட்டுக்காரர் சிரிக்கிறாரு. 'உங்க எச்சிலே இந்த லட்சணத்துல இருக்கு, எங்க பொம்மையக் குத்தம் சொல்ல வந்துட்டீங்களே'ன்னாரு. பெரிய மேடம் ஒண்ணுமே பேசல. அவங்க கத்துனாக்கூடப் பரவாயில்ல."

பெரிய மேடம் என்பது ஆய்வகத்தின் தலைவி. பிறகு பேசினாராம். அடுத்த வாரம் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் வெறும் எச்சில் சுத்தமாக இல்லையென்றால் கிடங்கின் பூட்டைத் திறந்துவிட வேண்டியதுதான். வளையங்கள் கடைகளுக்குப் போகும். அண்ணி ஸ்டோர் ரூமுக்குப் போவாள்.

"ஸ்டோர் ரூம்ல என்ன வேலை?" என்று அண்ணன் கேட்டான்.

"காலி பாட்டில் அடுக்குறது."

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "எவன் உன் எச்சில்ல துப்புனது? யாராவது பொறாமை புடிச்சவங்க இருப்பாங்க. நல்லா பாரு."

அண்ணி பார்த்தாள். தண்ணீரைச் சோதித்தாள், குப்பிகளைச் சோதித்தாள், பொடிகளைச் சோதித்தாள். எல்லாம் சுத்தம். கடைசியில் பெரிய மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணி வேலை செய்வதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குத் தெரியுமா, நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் தள்ளுற" என்றார். அண்ணிக்குத் தெரியாது. கையுறை போட்ட விரலால் கண்ணாடியைத் தள்ளுவாள், அதே விரலால் குப்பியின் மூடியைத் திறப்பாள். கண்ணாடியைத் துடைத்து அந்தப் பஞ்சை மெஷினுக்குக் கொடுத்தார்கள். பாதரசம்.

ஆக, அது ஆய்வகத்துப் பாதரசம் இல்லை. எங்கள் வீட்டுப் பாதரசம்.

மறுநாள் அண்ணி ஒரு டப்பா நிறைய பஞ்சுக் குச்சிகளோடு வந்தாள். வீட்டில் தொடுகிற இடத்தையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்மாவுக்குத்தான் பதற்றம்.

"இதெல்லாம் உங்க ஆபீஸுக்குப் போகுமா?"

"போகும் அத்தை. மெஷின்ல வச்சுப் பாக்கணும்."

"பெரிய மேடம் பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

அவ்வளவுதான். துண்டு தோளிலிருந்து இறங்கியது. எங்கள் வீட்டு அழுக்கு அரசாங்கத்தின் பார்வைக்குப் போவதா? அண்ணி கதவுக் கைப்பிடிக்கு வருவதற்குள் அம்மா அங்கே போய்த் துடைத்துவிட்டாள். அண்ணி டிவி ரிமோட்டை எடுப்பதற்குள் அம்மா அதைப் பளபளக்க வைத்துவிட்டாள். "அத்தை, துடைக்காதீங்க!" "சும்மா தூசிதான்மா தட்டுறேன்!" என்று இருவரும் வீடு முழுவதும் ஓடினார்கள். அண்ணனின் கன்னத்தில் பஞ்சை வைக்கப் போனபோது அங்கேயும் துண்டு முந்திக்கொண்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "நான் கதவுக் கைப்பிடி இல்லம்மா" என்றான். அப்பா மட்டும், "என் பக்கம் வராதீங்க" என்று ரேடியோவை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்பளித் தொப்பி ஆணியில் தொங்கியது. அதன் வாடை பிடிக்காமல் அம்மா அதன் பக்கமே போவதில்லை. அண்ணி ரேடியோவையும் விடவில்லை, தொப்பியையும் விடவில்லை, அதன் உள்பக்கம் ஒரு பஞ்சு.

முடிவு வந்த அன்று அண்ணி வழக்கத்தை விடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். எல்லாரையும் உட்காரச் சொன்னாள். கண்ணாடியைத் தள்ளப் போன விரல் பாதியிலேயே நின்றது.

"கதவுல இருக்கு. ரிமோட்ல இருக்கு. டப்பா மூடியில இருக்கு. இவர் கன்னத்துல இருக்கு. ஷூ ராக்குக்குப் பின்னாடி இல்ல. மாமாவோட ரேடியோல இல்ல."

அப்பா பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. துடைத்த இடத்திலெல்லாம் இருக்கிறது, துடைக்காத இடத்தில் இல்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

"அத்தை, உங்க துண்டுல..." என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"என் துண்டுலயா? என் துண்டுல பாதரசம் எப்படி வரும்? நான் என்ன தெர்மாமீட்டரா?"

"முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுறீங்களா, அத்தை?"

"நானா? இந்த வயசுல எனக்கு எதுக்கு கிரீம்? பச்சத் தண்ணியில மூஞ்சி கழுவுறேன், அவ்வளவுதான்."

கொஞ்ச நாளாக அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது உண்மை. கேட்டவர்களிடமெல்லாம் நல்ல தூக்கம் என்று சொல்லிவந்தாள். அண்ணிக்கு அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை. அவள் மாமியாரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. ஆனால் பெரிய மேடத்துக்கு ஒரு பதில் வேண்டும். பாதரசம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல், அதை எப்படி நிறுத்துவது? நிறுத்தாமல் அடுத்த வெறும் எச்சிலை எந்தத் தைரியத்தில் ஊற்றுவது? வேறு வழி தெரியாமல், இருந்ததைச் சொன்னாள்.

"இன்னும் ஒரு இடத்துல இருக்கு. மாமாவோட தொப்பிக்கு உள்ள."

அப்பா ரேடியோவின் காதைத் திருகினார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

அம்மா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "உங்க தொப்பிக்குள்ளயா? அதை நான் தொடுறதே இல்லையே."

"எனக்கு என்ன தெரியும்? ஆணியில இருந்து வந்திருக்கும்."

"ஆணியில இருந்தா? அப்ப... அப்ப என் டப்பாக்குள்ள விரலை விட்டது நீங்கதானா! நான் அன்னிக்கே நெனச்சேன், என்னடா இது இப்படிக் குறையுதுன்னு!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டாலேயே.

அப்பா பாவம், வழுக்கையைத் தடவியபடி, "இவ்வளவு ரகசியமா ஒளிச்சு வச்சிருக்காளே, முடி வளர்ற மருந்தாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அண்ணன் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். சத்தம் உள்ளேயே கேட்டது.

அரிசி டிரம்முக்குள்ளிருந்து அந்தச் சின்ன டப்பா வந்தது. வெள்ளை மூடி, மேலே நிலாவின் படம். அம்மா அதை என்னிடம் நீட்டி, "ரெண்டு பாஷை படிச்சிருக்கியே, பாரு, எங்கேயாவது பாதரசம்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். பார்த்தேன். ஒரு பக்கம் ஏழு நாளில் நிலவொளி என்று ஒரு மொழியில் இருந்தது. இன்னொரு பக்கம் அதையே இன்னொரு மொழியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புளுகியிருந்தார்கள். என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது, எந்த ஊர் என்று எந்த மொழியிலும் இல்லை.

"பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தோம்ல" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "அதைப் பாத்துட்டு ஒருத்தி மக என்னைக் காட்டிக் கேட்டாளாம், நடுவுல நிக்கிறது உங்க டீச்சரான்னு."

யாரும் சிரிக்கவில்லை. அப்பாகூட.

அண்ணி டப்பாவை ஒரு பைக்குள் போட்டு மூடினாள். பாதரசம் தோலை வெளுக்க வைக்கும், அது உண்மைதான் என்றாள். ஆனால் அதோடு நிற்காது, உடம்புக்குள்ளே போகும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தொடும், பூசியவரின் துணியிலிருந்து பூசாதவருக்கும் போகும். அதனால்தான் அதைக் கலக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சில வாரங்களாக டீ டம்ளரை நீட்டும்போது அவள் கை லேசாக நடுங்கும். வயசு என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள். "என் துண்டு விஷயம் உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சாம்மா?"

"இல்ல அத்தை. வீட்டுத் துணின்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

"உன் எச்சிலைக் கெடுத்தது நான்தான், இல்ல?"

அண்ணி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "துடைச்சதுனால வந்ததுதான்" என்றாள். அம்மா துண்டைத் தோளிலிருந்து எடுத்து அந்தப் பைக்குள்ளேயே போட்டாள். தோள் திடீரென்று சின்னதாகத் தெரிந்தது.

டாக்டரிடம் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்று சிறுநீர்க் குப்பிகளைக் கொடுத்தோம். நல்லவேளையாகச் சிறுநீரகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிரீமை நிறுத்தினால் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார் டாக்டர். அப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்தக் கிரீமை விற்றது எங்கள் தெருமுனை ஃபேன்சி ஸ்டோர். ஆய்வகத்துக்காகக் கடைகளில் மாதிரி வாங்கி வருபவர் ஒருவர் இருக்கிறார். பெரிய மீசை. அந்த மீசை தெருவில் திரும்பினாலே நிலாப் படம் போட்ட டப்பாக்கள் எல்லாம் மேசைக்கு அடியில் இறங்கிவிடும், தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் மேலே வரும். இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார். இதை அண்ணி சொன்னதும் அம்மா, "நான் தெரிஞ்சவதானே" என்றாள். அண்ணி வேண்டாம் என்றாள். அம்மா புடவை மாற்றப் போய்விட்டாள்.

துணைக்கு நான் போனேன். மீசைக்காரர் எதிர்ப்பக்கம் ஒரு குடைக் கடையில் நின்று, ஒவ்வொரு குடையாக விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, வாங்க!" என்றார் கடைக்காரர். "முகத்துல என்ன ஒரு களை! நான் சொன்னேன்ல?"

"சொன்னப்பா, சொன்ன. மூணு டப்பா குடு."

"மூணா? ஒண்ணே ரொம்ப நாள் வருமேக்கா."

"ஏன், என் மூஞ்சி அவ்வளவு சின்னதா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. "மூணும் ஒரே லாட்டா இருக்கட்டும்" என்றாள்.

குனிந்தவர் பாதியில் நிமிர்ந்தார். முகத்துக்குக் கிரீம் வாங்க வருகிறவர்கள் லாட் பற்றிப் பேச மாட்டார்கள். ஒரே தயாரிப்பிலிருந்து மூன்று வேண்டும், ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று முத்திரை போட்டுக் கடைக்காரருக்கே என்பது அண்ணி சாப்பாட்டு மேசையில் சொல்லித் தந்த விதி. எனக்கு உள்ளங்கை வியர்த்தது, ஆய்வகத்தில் செய்யாத சொந்த வியர்வை.

"லாட்டா? இதெல்லாம் யாருக்கா சொல்லித் தந்தது?"

"என் மருமக. படிச்ச பொண்ணு."

"ஓ. எங்க வேலை பாக்குறாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அம்மா கண் இமைக்கவில்லை.

"எச்சில் தயாரிக்குற ஆபீஸ்ல."

கடைக்காரர் ஒரு கணம் அம்மாவையே பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "உங்களுக்கு இந்தக் குசும்பு மட்டும் போகவே போகாதுக்கா!" என்று சொல்லியபடி மூன்று டப்பாவையும் எடுத்து வைத்தார். அம்மா காசைக் கொடுத்து முடித்த அந்த நொடியில், எதிரே ஒரு குடை மடங்கியது.

மீசைக்காரர் உள்ளே வந்து அடையாள அட்டையைக் காட்டியதும் கடைக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. "அக்கா, நீங்களா?" என்றார்.

அம்மா கையை அவர் முன்னால் நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கின. "இது வயசுன்னு நெனச்சேன்ப்பா. உன் டப்பாதான்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா. என் பொண்டாட்டியே இதைத்தான் போடுறா."

"அப்ப இங்க என்ன நின்னுக்கிட்டிருக்க? முதல்ல வீட்டுக்குப் போன் போடு."

அவர் போட்டார். அவர் பேசி முடிக்கும் வரை மீசைக்காரர் முத்திரை போடும் அரக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அம்மா சொந்தமாகச் சோதனைக்கு மாதிரிப் பொருள் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று ஆய்வகத்தில் பேச்சு. ஆனால் அண்ணியின் வாரம் இன்னும் முடியவில்லை. வீட்டில் ஒரு துணி விடாமல் அலசினோம். துண்டுகளையும் தலையணை உறைகளையும் அப்பாவின் தொப்பியையும் ஆய்வகத்து ஆட்கள் விஷக் குப்பை என்று எழுதிய பையில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆணியைப் பார்த்தபடி அப்பா கொஞ்ச நேரம் நின்றார். ஆய்வகத்தில் கழுவிக் கொடுத்த அண்ணியின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவாமல் இருக்க அவர் தன் பைஜாமாவிலிருந்து ஒரு நாடாவை உருவிக் கொடுத்தார். அண்ணி நன்றி சொல்லி வாங்கி, அதையும் சோதித்துவிட்டுத்தான் தலையில் கட்டிக்கொண்டாள்.

மறுசோதனை அன்று காலை. அண்ணி வாசலுக்கு வந்தாள். பழக்கத்தில் தலையை முன்னால் நீட்டினாள். அம்மாவின் கையும் பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதி வழியில் நின்றது. அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "போயிட்டு வாம்மா, பஸ் வந்துடும்" என்றாள். அண்ணி கைரேகை படிந்த கண்ணாடியோடு, நாடா பின்னால் தொங்க, படியிறங்கிப் போனாள். அன்றைக்கு "எச்சிலா, வியர்வையா" என்று அப்பா கேட்கவில்லை.

பகல் முழுவதும் அம்மா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதையாவது துடைக்க வேண்டும் போலிருந்திருக்கும். துடைக்கவில்லை. மேசையில் கொட்டிய டீ அப்படியே காய்ந்தது. மாலையில் போன் அடித்ததும் எடுத்து, காதில் வைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"குட்டி, அத்தைகிட்ட சொல்லு" என்றாள் அண்ணி. "வெறும் எச்சில், வெறும் எச்சிலாவே இருக்கு. வளையத்துல ஈயம் முன்ன வந்த மாதிரியே வந்துடுச்சு. கோட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரு. எல்லா வளையத்தையும் நொறுக்கப் போறாங்க."

"ஸ்டோர் ரூம்?"

"காலி பாட்டிலை வேற யாராவது அடுக்கட்டும்."

சொன்னேன். அம்மா தலையை ஆட்டிவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம்தான் போனாள். நாடாவை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அம்மா பின்வாங்கினாள்.

"வேண்டாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"புதுத் துண்டுதானே போட்டிருக்கீங்க?"

"துண்டு புதுசு. கை பழசுதானே."

அண்ணி விடவில்லை. பையிலிருந்து பஞ்சுக் குச்சிகளை எடுத்தாள். அம்மாவின் உள்ளங்கைகளை விரித்து, ஒவ்வொரு விரலாக, நகத்துக்கு அடியிலும் துடைத்தாள். அம்மா, ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். புதுத் துண்டிலும் ஒரு பஞ்சு. எல்லாவற்றையும் குப்பிகளில் போட்டு மூடினாள். மறுநாள் எடுத்துக்கொண்டு போனாள், அழுக்குக் கண்ணாடியோடுதான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். "வெறும் கை."

தலையை முன்னால் நீட்டினாள். அம்மா கண்ணாடியை உருவி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாயால் ஊதினாள். துண்டு மெதுவாக இறங்கி வந்தது.

"ஒரு வாரமா இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் பஸ் நம்பர் தெரிஞ்சுதோ" என்றாள்.

"தெரியல அத்தை" என்றாள் அண்ணி. "ரெண்டு நாள் தப்பு பஸ்லதான் ஏறுனேன்."